மகள் படத்தில் நான் செத்துப்போனேன்

என் சாவை நான் பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை காலைக் காட்சியில். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தியேட்டர். எனக்கு வலப்பக்கம் மகள், இடப்பக்கம் தம்பி மனைவி. இடைவேளை முடிந்து பாப்கார்ன் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, திரையில் நான் இருமினேன். தமிழ் சினிமாவில் ஓர் அம்மா இருமினால் அதற்கு மருந்தே கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நம்ப மனம் வரவில்லை. அந்த அம்மாதான் இங்கே உட்கார்ந்து பாப்கார்ன் தின்றுகொண்டிருக்கிறாளே.

என் மகள் குத்துச்சண்டை போடுகிறவள். தேசியப் போட்டியில் ஜெயித்து, வெளிநாட்டிலும் மெடல் வாங்கி, அந்தத் தகுதியில் வேலையும் வாங்கிவிட்டாள். அவள் கஷ்டப்பட்டு மேலே வந்த கதையைப் படமாக எடுக்கிறோம் என்று சென்னையிலிருந்து ஒரு டைரக்டரும் இரண்டு உதவியாளர்களும் வந்தார்கள். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு வந்து, காபி குடித்துக் குடித்து, என்னைத் துருவித் துருவிக் கேட்டார்கள். நானும் ஒளிக்காமல் சொன்னேன். சொன்னதில் பாதியாவது வரும் என்று நினைத்தேன்.

நான் திருச்சியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவள். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், காலேஜ் மலர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் மிஷினுக்குப் போகும். படத்தில் நான் கோபுர வாசலில் இட்லி விற்கிறேன். புரூஃப் பார்க்கிற அம்மாவைப் பார்த்து யார் அழுவார்கள், இட்லிக்கார அம்மா என்றால் பாத்திரத்தைத் திறந்ததுமே அழுதுவிடுவார்கள். என் கையால் அவித்த இட்லியை யாரும் காசு கொடுத்து வாங்கியிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். அந்த இட்லிக்காரி தினமும் விடியற்காலையில் மகளை எழுப்பிக் கொள்ளிடக் கரையில் ஓடவிடுகிறாள். கல்யாணப் புடவையைக் கிழித்து மகளின் கைக்குக் கட்டுத்துணி சுற்றுகிறாள். என் கல்யாணப் புடவை இன்றைக்கும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

கடைசிப் போட்டிக்கு முந்தைய வாரம் நான் கண்ணை மூடினேன். ஓயாமரிச் சுடுகாட்டையே போய்ப் படம் பிடித்திருந்தார்கள். ஆம்பளைப் பிள்ளை இல்லையே, யார் கொள்ளி வைப்பது என்று சொந்தக்காரர்கள் இழுக்க, என் மகளாக நடித்த பெண் கொள்ளியைப் பிடுங்கிக்கொண்டு போய் எனக்கு வைத்தாள். தியேட்டரே கை தட்டியது. தம்பி மனைவி இருட்டில் என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தாள், நாடி பார்ப்பது மாதிரி. முன் வரிசையில் ஒரு பெண்மணி தேம்பித் தேம்பி அழுதார். பொறுக்க முடியாமல் என் கைக்குட்டையை நீட்டி, "அழாதீங்க, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலை" என்றேன். அவர் என்னைத் திரும்பி முறைத்தார்.

எனக்குக் கோபம் வந்தது சாவினால் அல்ல. எப்படியும் ஒருநாள் ஓயாமரிக்குப் போகிறவள்தான். மகள் பக்கம் திரும்பி, "இது உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன். அவள் திரையைப் பார்த்தபடியே, "தெரியும்மா" என்றாள்.

"நீ சரின்னு சொன்னியா?"

"சொன்னேன்."

ஏன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தானாக வந்து சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். என்னைக் கொல்லச் சம்மதித்தவள் காரணம் சொல்லாமல் ஒரு வார்த்தை என்னிடமிருந்து வாங்க முடியாது என்று அந்த நாற்காலியிலேயே முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டில் சண்டை என்றால் அடிதடி கிடையாது, கத்தல் கிடையாது. பேச மாட்டோம், அவ்வளவுதான். என் அம்மா வீட்டிலும் அப்படித்தான், இது எங்கள் பரம்பரைச் சொத்து. ஆனால் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு தகவல் சொல்லாமல் இருக்க முடியுமா? அதற்குச் சுவர் இருக்கிறது, குக்கர் இருக்கிறது, வாசலில் படுத்திருக்கும் பூனை இருக்கிறது. "ரசம் சூடா இருக்கு, வேணுங்கிறவங்க ஊத்திக்கலாம்" என்று குக்கரிடம் சொல்வேன். "எனக்கு இன்னைக்கு வர லேட்டாகும்" என்று அவள் பூனையிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுப்பாள். படம் வெளியான பிறகு எங்கள் பூனைக்குத் தெரியாத விஷயமே இல்லை.

இது முதல் தடவையும் அல்ல. அதைச் சொல்ல வேண்டுமென்றால் என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். படத்தில் அவரை முதல் பாட்டு முடிவதற்குள் முடித்துவிட்டார்கள். துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தார். வேலை முடிந்து வரும்போது ஹைவேயில் வண்டி சறுக்கியது. உடம்பில் வேறெங்கும் பெரிய காயமில்லை, தலையில் மட்டும் அடி. ஆஸ்பத்திரியில் கண் விழித்து என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். போகிற வரைக்கும் அந்த மரியாதை குறையவே இல்லை. புருஷன் வாயால் அப்படிக் கேட்ட காது இது.

அப்படிப்பட்டவளிடம் மகள் ஸ்டேடியத்தில் ஓட்டப் பயிற்சிக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். உதடு வீங்கி வந்தால் சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்பாள். ஒருநாள் அச்சகத்திலிருந்து நேராக ஸ்டேடியத்துக்குப் போனேன். கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். வேறொரு பெண் என் மகளின் தலையில் மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டிருந்தாள், சுற்றி நின்றவர்கள் உற்சாகமாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போகவில்லை. மாவட்டத் தேர்வு நடக்கும் நாளன்று அவள் குளித்துக்கொண்டிருக்கும்போது வெளிப்பக்கம் பூட்டுப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். அவள் கொல்லைச் சுவர் ஏறிக் குதித்துப் போய், ஜெயித்துவிட்டு வந்து, பூட்டிய வாசலில் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். நான் கதவைத் திறந்தேன். பேச்சை மூடினேன். அன்றைக்குச் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். தலையில் அடிபட்ட ஒருவரை வீட்டில் பார்த்தவர்கள் யாரும் அதைத் தப்பு என்று சொல்லமாட்டார்கள்.

பேசவில்லையே தவிர, முட்டைக்குக் குறை வைக்கவில்லை. பயிற்சி கொடுக்கிறவர் தினமும் முட்டை சாப்பிடச் சொல்லியிருப்பதாக அவள் சுவரிடம் சொன்னாள். நாங்கள் குடியிருப்பதோ உத்தர வீதியில் ஒரு வீட்டின் பின்கட்டு. வீட்டுக்கார மாமி வீட்டில் வெங்காயமே பல நாள் நுழையாது. முட்டை கூடாது என்று சொல்லித்தான் வீடு கொடுத்தார்கள். நான் அரிசியோடு முட்டையையும் குக்கரில் போட்டு வேகவைத்துவிடுவேன், வாசனை வெளியே தெரியாது. முட்டை ஓட்டை வீட்டுக் குப்பைத் தொட்டியில் போட முடியாதே. டிபன் டப்பாவில் போட்டு மூடி, ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி, காவிரியைத் தாண்டி, அச்சகத்துக் குப்பையில் கொட்டுவேன். பேசாத மகளுக்காக முட்டை ஓட்டை ஊர் கடத்திய ஒரே அம்மா நானாகத்தான் இருப்பேன். வெளிமாநிலப் போட்டிக்குப் போய் அவள் காய்ச்சலோடு திரும்பிய அன்று, நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளா இருக்கு?" என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். பேச்சு அப்படித்தான் திரும்பி வந்தது.

இதையெல்லாம் டைரக்டரிடம் சொன்னபோது உதவியாளர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூட்டும் வரவில்லை, முட்டையும் வரவில்லை. இருமல் வந்தது.

படம் நன்றாக ஓடியது. இரண்டாவது வாரம் பட கம்பெனியிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது.

"அம்மா, ஒரு சின்ன ரிக்வெஸ்ட்டுங்க. படம் ஓடி முடியிற வரைக்கும் பேட்டி, ஃபங்ஷன் எதுலயும் நீங்க வெளிய தெரியாம இருந்தா நல்லாருக்கும். ஜனங்க எமோஷனலா கனெக்ட் ஆயிட்டாங்க."

"முழுக்கச் செத்துடணுமா தம்பி, இல்ல கடைக்குக் கிடைக்குப் போயிட்டு வரலாமா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, கடைக்குப் போகலாம் என்று அனுமதி கொடுத்தார்.

ஒரு நாள் வேலைக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாக என் கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்த்தேன். ஸ்டேடியம் பக்கத்துப் பையன்கள் வைத்தது. வீராங்கனையைப் பெற்ற தாய்க்கு வீர வணக்கமாம். பெயர் என்னுடையது, முகம் அந்த நடிகையுடையது. நல்ல அழகி, அந்த மட்டும் எனக்கு லாபம்தான். வீட்டுக்கார மாமியின் காதுக்கும் விஷயம் போயிருந்தது. "உயிரோட இருக்கறவாளைப் போயிட்டான்னு சொன்னா ஆயுசு விருத்திதான் போ. பெருமாள் உனக்கு இன்னும் நிறைய எழுதியிருக்கார்" என்றார். அந்த நிறைய ஆயுசை எல்லாம் குக்கரோடு பேசியே கழிக்க வேண்டுமா என்று கேட்க நினைத்தேன். மாமி முன்னால் சிரித்து வைத்தேன்.

அந்த வாரத்தில்தான் ஒரு பெண்கள் கல்லூரியின் விழா அழைப்பிதழ் புரூஃபுக்காக என் மேஜைக்கு வந்தது. சிறப்பு விருந்தினர் என் மகள். அவள் பெயருக்குக் கீழே, 'தாயை இழந்த துயரிலும் களம் கண்டு வென்றவர்' என்று ஒரு வரி. எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எழுத்தைத் திருத்தலாம், மேட்டரில் கைவைக்கக் கூடாது. மாப்பிள்ளைக்கு இல்லாத பட்டத்தைப் போட்டிருந்தாலும், தாத்தா வயதை ஏற்றிப் போட்டிருந்தாலும், அது அச்சடிக்கக் கொடுத்த பார்ட்டி பாடு. நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். அந்த வரியை இடமிருந்து வலம், வலமிருந்து இடம் பார்த்தேன். எழுத்தில் குற்றமில்லை. ஓரத்தில் ஓகே போட்டு, கையெழுத்துப் போட்டு, மிஷினுக்கு அனுப்பினேன். என் சாவை நானே சரிபார்த்து அனுப்பிய பிறகு பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. என்னை இழந்தும் அவள் ஜெயிப்பாள் என்றால், இருந்து நான் என்ன செய்தேன் என்று தோன்றிவிட்டது.

விழா நாளன்று மகள் பூனையிடம் கல்லூரிப் பெயரையும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போனாள். வரச் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பட கம்பெனித் தம்பியை நினைத்தேன். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். மதியம் சாப்பிட்ட பிறகு கால் தானாகச் செருப்பைத் தேடியது. கல்லூரி வாசலில் இருந்த பெண் யாரென்று கேட்டதற்கு, "அழைப்பிதழ் அடிச்ச பிரஸ்லேர்ந்து வரேம்மா" என்றேன். பொய் இல்லை. கடைசி வரிசையில் ஃபேனுக்குக் கீழே இடம் கிடைத்தது.

அரங்கம் நிறையப் பெண் பிள்ளைகள். மகள் வழக்கம்போலச் சுருக்கமாகப் பேசினாள். பிறகு கேள்வி நேரம். ஒரு பெண் மைக்கை வாங்கிக்கொண்டு, "அக்கா, அம்மா இறந்து ஒரே வாரத்துல எப்படிக்கா ரிங்குல ஏறினீங்க? படத்துல அந்த இடத்துல நான் ரொம்ப அழுதேன்" என்று கேட்டாள்.

மகள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். கூட்டத்தை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்தாள். பார்வை கடைசி வரிசைக்கு வந்து என் மேல் நின்றது. இல்லாத சாவுக்கு என்ன பொய் சொல்லப்போகிறாளோ என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"எங்கம்மா சாகலை" என்றாள். "உயிரோட இருக்காங்க. இங்கதான் இருக்காங்க."

பேராசிரியை ஒருவர் பதறி அழைப்பிதழை எடுத்துப் பார்த்தார். பிள்ளைகள் ஒரே சத்தம். அது அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"படத்துக்காரங்க என்கிட்ட, உங்க வளர்ச்சிக்கு எதிரா நின்னது யாருன்னு கேட்டாங்க. எங்கம்மாதான்னு சொன்னேன். வேற யாரும் இல்லை. தேர்வு அன்னைக்கு என்னை உள்ள வெச்சுப் பூட்டினாங்க. அதுக்கப்புறம் ரொம்ப நாள் என்கூடப் பேசலை. ஆனா முட்டை வேகவெச்சுக் குடுத்தாங்க, தினமும். படத்துக்காரங்க ஒரு சீன் எழுதிட்டு வந்தாங்க. அதுல அம்மா என் முடியைப் பிடிச்சு இழுத்து, கிளவுஸை அடுப்புல போடுறாங்க. இப்படிக் கிடையாதுங்க, பேசாம இருந்தாங்க, அவ்வளவுதான்னு சொன்னேன். பேசாம இருக்கறதை எப்படிங்க ஷூட் பண்றதுன்னு கேட்டாங்க. அப்புறம், எதிர்க்கிற அம்மா வேண்டாம்னா நல்ல அம்மாவா வெச்சுச் சாகடிச்சுடலாமான்னாங்க. நான் சரின்னுட்டேன்." கடைசி வரிசையைக் கை காட்டினாள். "அம்மா, எழுந்து நில்லும்மா."

நின்றேன். அரங்கம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. யாரும் கை தட்டவில்லை. எதற்காகத் தட்டுவார்கள், பூட்டுப் போட்டதற்கா? படம் பார்த்து அழுத அந்தப் பெண் என்னைக் கோபமாகப் பார்த்தாள். இத்தனை பேர் முன்னால் மகள் என்னை எதிரி என்று சொல்லிவிட்டாள், எனக்கோ முதுகு நிமிர்ந்தது. இட்லிக்காரியாக நல்ல பெயரோடு கிடந்த நாட்களைவிட எதிரியாக நின்ற அந்த நிமிஷம் எனக்குச் சுகமாக இருந்தது. அந்த எதிரியாவது நான்தானே.

திரும்பும்போது அவளுடைய ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டேன். ஏறு என்று அவள் சொல்லவில்லை, வண்டியை எனக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். அவள் பையில் போன் விடாமல் அடித்துக்கொண்டே வந்தது. கம்பெனியாகத்தான் இருக்கும். அவள் எடுக்கவில்லை. காவிரிப் பாலத்தில் வழக்கம்போல வண்டிகள் நகராமல் நின்றன. முன்னால் ஒரு பஸ், பக்கத்தில் வாழைத்தார் ஏற்றிய ஒரு மினி லாரி.

அவள் காரணத்தைச் சொல்லிவிட்டாள், இனி நான் பேசலாம். ஆனால் எனக்கு ஒன்று பிடிபடவில்லை.

"அந்த முடியைப் பிடிச்சு இழுக்கற சீனையே விட்டிருக்க வேண்டியதுதானே?" என்று கேட்டேன். "சினிமாதானே. நாலு பேர் என்னைத் திட்டியிருப்பாங்க. வேற என்ன ஆயிருக்கும்?"

அவள் ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளினாள். திரும்பிப் பார்க்காமல் முன்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்தே பேசினாள்.

"அதைப் பார்த்துட்டு நீ மறுபடியும் பேசாம போயிட்டா? எத்தனையோ பேர்கிட்ட அடி வாங்கியிருக்கேன்மா. எந்த அடியும் ரெண்டு நாள்ல சரியாயிடும். நீ அப்ப பேசாம இருந்த பாரு, அதை என்னால இன்னொரு தடவை தாங்க முடியாது. அதுக்கு நீ செத்துப்போறதே தேவலைன்னு நினைச்சேன். சாகடிச்சும் நீ பேசாமத்தான் இருந்த."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் முதுகு குலுங்கியதில் அது முழுக்கச் சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. உலகத்தில் யாரைக் கண்டும் பின்வாங்காதவள் என்று அந்தப் படத்தில் இவளைப் பற்றி ஒரு வசனம் வரும். அவள் யாரைக் கண்டு பயந்தாள் என்பது அந்தப் பாலத்தின் மேல்தான் எனக்குத் தெரிந்தது.

பஸ் நகர்ந்தது. அவள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதனால் எல்லாவற்றையும் சொன்னேன். மாமி சொன்ன ஆயுசுக் கணக்கை, பேனரில் இருந்த அழகியை, அழைப்பிதழில் நான் போட்ட ஓகேயை, பிரஸ்ஸில் புதிதாக வந்திருக்கும் மிஷினை, வாழைத்தார் விலையை, முழங்கால் வலியை. ஹெல்மெட்டுக்குள் கேட்க வேண்டுமே என்று கத்திக் கத்திப் பேசினேன். அம்மா மண்டபம் ரோடு சிக்னலில் பக்கத்து ஆட்டோவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நானும் இறங்காமல் பேசிக்கொண்டே இருந்தேன்.